காலெடுத்தால் நிற்கும் வண்டி

ஷாக்குக்கு அன்று ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. பெட்ரோல் வண்டிகளை விட்டுவிட்டு மின்சாரக் கார் பக்கம் வந்த நாளிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு 'ஷாக்' என்றுதான் பெயர். ஊரார் கார்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவன், சொந்தத் தங்கையின் காரிடம் மட்டும் மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தான்.

கோளாறு இதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும்; அப்போது கிடைக்கும் சக்தி பேட்டரிக்குத் திரும்பிப் போகும். தங்கையின் காரில் அந்தப் பிடி சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. இல்லாத ஒரு நாளில்தான் கார் அவள் வீட்டுத் தெருச் சரிவில் உருண்டுபோய், அவள் பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் இடித்தது. தொட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்குத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது.

அவள் நர்ஸ். படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. கார் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. 'ஓட்ட முடியலைன்னா சொல்லும்மா, வார்டுக்கே மாத்திடறேன்' என்று தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார். பதினோரு வருடம் வார்டுக்குள் மூச்சு முட்டிக் கிடந்துவிட்டு வெளியே வந்தவளுக்கு, அது ஜெயிலுக்குத் திரும்பக் கூப்பிட்ட மாதிரிதான்.

ஷாக் என்னதான் செய்யவில்லை? ஸ்கேனரை மாட்டினான்; ஒரு பிழையும் காட்டவில்லை. சக்கர சென்சார் நாலையும் கழற்றித் துடைத்து மாட்டினான். பிரேக் சுவிட்சைப் புதிதாகப் போட்டான். ஒவ்வொரு முறையும் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். அவன் கையில் கார் சமர்த்தாக நின்றது. ஓட்டுகிறவரோடு கூடப் போய்ப் பார்க்கும் வழக்கமே அவனுக்குக் கிடையாது. 'வண்டிய விட்டுட்டுப் போங்க, உங்க கதையெல்லாம் வேணாம்' என்பது அவன் ஒர்க்‌ஷாப் சட்டம். தங்கைக்கும் அதே சட்டம்தான்.

ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சார்ஜ் எவ்வளவு வெக்கிற?" பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் சக்திக்கு உள்ளே இடம் இருக்காது, பிடி தளர்ந்துவிடும் என்பது அவனுக்கு அத்துப்படி.

"நீ வெச்சுக் குடுத்த எண்பது பர்சன்ட்தான். நான் அதத் தொடறதே இல்ல."

முந்தாநாள் போனில் பொறுமை போய்விட்டது. "வண்டி தங்கமா இருக்கு. கோளாறு உன் கால்லதான்" என்று எரிந்து விழுந்தான். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுப்பான், வைப்பான். ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு, முறுக்கினோமா என்று மறுபடி போய்ப் பார்ப்பான். கடைசியில் தன் சட்டத்தைத் தானே மீறி, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு வீட்டு வாசலில் போய் நின்றான்.

தங்கையின் கணவன் சார்ஜர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "வாங்க மச்சான், என்ன காலைலயே?" என்றவன், கையிலிருந்த போனைச் சட்டென்று பைக்குள் போட்டான்.

தங்கை வந்தாள். அண்ணனைப் பார்த்தும் முகம் மலரவில்லை.

"நீயே ஓட்டும்மா. நான் சும்மா பக்கத்துல உக்காந்து வரேன்."

சரிவு தொடங்கியதும் அவள் காலை எடுத்தாள். குனிந்து பார்த்தான். கால் முழுசாக மேலே இருந்தது. கார் நிற்கிற வழியைக் காணோம். மதில்கள் வேகமாகப் பின்னால் ஓட, ஷாக் தன்னை மறந்து தரையை ஓங்கி மிதித்தான். அவன் பக்கம் பிரேக் ஏது? அவள்தான் மிதித்தாள். குப்பைத் தொட்டிக்கு இரண்டடி முன்னால் கார் குலுங்கி நின்றது.

"இப்பவாவது பாத்தியா?" அவள் குரல் உடைந்தது.

திரையில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்ற கணக்குதான் தெரிந்தது. அதைத் தொட்டு மாற்றினான். சார்ஜ் நூறு சதவீதம். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி வரிசை, பிடி இல்லை என்பதற்கு அடையாளம். கார் வாங்கிய அன்று அவளுக்குப் பாட்டுப் போடுவதுவரை சொல்லிக்கொடுத்தவன், அதை மட்டும் சொல்லவில்லை. சார்ஜ் அளவைத் திறந்தான். அங்கே எண்பது என்றுதான் இருந்தது.

கணவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மாப்ள, ராத்திரி சார்ஜ ஏத்தினது யாரு?"

"தூரமாப் போற நாள்ல மட்டும்தான் மச்சான். போன் ஆப்ல நூறு வெச்சு விடுவேன். வழியில நின்னுட்டா இவ தனியா என்ன செய்வா? காலைல மறுபடி எண்பதுக்கு இறக்கிடுவேன். நூறு வெச்சா பேட்டரி கெட்டுடும்னு கார் வாங்கின அன்னைக்கு நீங்க போட்ட சத்தத்துல, இதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

ஷாக்குக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? பயந்து மறைத்தவன்மேலா, பயப்படும்படி கத்தியவன்மேலா?

"உன் கால்ல ஒண்ணுமில்லம்மா," என்றான் தங்கையிடம். "எண்பதோட நிறுத்தினா பிடி தன்னால வந்துடும். நீ வேலைய விட வேணாம்."

அவள் திரும்பவே இல்லை. "நேத்து சாயங்காலமே ஹெட் நர்ஸ்கிட்ட எழுதிக் குடுத்துட்டேண்ணா. வார்டுக்கே மாத்திடுங்கன்னு."

"எதுக்கு அவசரப்பட்ட?"

"நரம்பு டாக்டர்கிட்டகூடப் போய்ட்டு வந்தேன். கால் நல்லாத்தான் இருக்குன்னாரு. நான் அவரை நம்பல. உன்னத்தான் நம்பினேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எட்டரைக்கு லெட்டர் ஆபீசுக்குப் போயிடும். அதுக்குள்ள திருப்பி வாங்கணும். நீ இறங்கு."

"நான் ஓட்டறேன். உனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். மோட்டார் பிடிக்காதுன்னு இப்பத் தெரியும். பிரேக்க மிதிச்சே போறேன்."

இறங்கினான். கார் திருப்பத்தில் பிரேக் விளக்கு எரிய நிதானமாக வளைந்து மறைந்தது.

"லெட்டரத் திருப்பிக் குடுப்பாங்களா மச்சான்?" என்று கேட்டான் கணவன்.

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் ஷாக், "தெரியல மாப்ள" என்றான். மணி எட்டு பத்து ஆகியிருந்தது.