கத்தரிச்செடியில் ஒரு கூடு

பிரசவத்துக்குப் போன மனைவி வெறுங்கையோடு வீடு திரும்புவதற்குள், லிஃப்ட் மெக்கானிக் தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டான். குழந்தையைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று இரண்டு வீட்டாரிடமும் சொல்லிவைத்தான். அவளும் எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள்.

மனசு மாறட்டுமே என்று மொட்டைமாடியில் தொட்டிகளை வைத்து, கத்தரி, தக்காளி நாற்றுகள் வாங்கிவந்தான். முதலில் ஏறெடுத்தும் பார்க்காதவள், ஒருநாள் மண்ணைக் கிளறும்போது நெளிந்த மண்புழுவைக் காட்ட, "இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் ஓடிப்போய் அவள் பக்கத்தில் குந்தினான்.

கத்தரி தழைத்ததும் ஒரு தையல்சிட்டு வந்தது. அகன்ற இலையொன்றை மடித்து, ஓரங்களைப் பஞ்சிழையால் தைத்து, பைபோலாக்கி முட்டையிட்டது. வெயில் படாமல் அவள் தன் பழைய புடவையைப் பந்தலாகக் கட்டினாள். கூடு நனையாமல் வேரோரமாகத் தண்ணீர் வார்த்தாள். அவன் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய சேதி தயாராக இருக்கும்: முட்டை பொரிந்தது, குஞ்சு வாயைப் பிளந்தது, தாய் பச்சைப்புழு கொண்டுவந்தது.

ஒரு காலை அவன் மேலே போனபோது இலை கிழிந்து தொங்கியது. காக்கையின் வேலை. ஒரு குஞ்சு மட்டும் தொட்டியடியில் செத்துக் கிடந்தது. தாய்ச்சிட்டு அலகில் புழுவோடு சுற்றிச்சுற்றிக் கத்தியது. அவன் அவசரமாகக் குஞ்சை மண்ணில் புதைத்து, இலையைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கீழே வந்து, குஞ்சுகள் பறந்துபோய்விட்டன என்றான்.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"நேத்துதான் கண்ணே திறந்துச்சு. எப்படிங்க பறக்கும்?"

அவன் தலை குனிந்தான். "நீ தாங்கமாட்டேன்னு..."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க. முகத்தைக்கூடக் காட்டாம கொண்டுபோயிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "எப்படி இருந்தா நம்ம பொண்ணு? இப்பவாவது சொல்லுங்க."

அவன் அவளருகே தரையில் உட்கார்ந்தான். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் அவன் மட்டும் சுமந்தது.

"உன் மூக்கு. தலை நிறைய முடி. கை மட்டும் என்னை மாதிரி, நீட்டு விரலு."

எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டதென்று போன் மேல் போன் வந்தது. அவன் எடுக்கவில்லை. எந்தத் துணியில் சுற்றினார்கள், யார் தூக்கிவந்தார்கள் என்று அவள் கேட்கக் கேட்க, ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.