தொட்டி அறைக் கூகைகள்

பெண்கள் விடுதி மாடியில் பேய் இருக்கிறது என்ற சேதி பூர்ணிமாவின் காதுக்கு வருவதற்குள் கல்லூரி முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டிருந்தது. கேன்டீன்காரருக்குத் தெரியும், பஸ் டிரைவருக்குத் தெரியும், பேயின் உயரம் என்ன என்பதுகூட வாட்ச்மேனுக்குத் தெரியும். உயிரியல் எடுக்கும் பூர்ணிமாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், காலை வகுப்பில் பாதிப் பெண்கள் கொட்டாவி விடுவதைப் பார்த்து அவளாகத்தான் கேட்டாள்.

"மேல ஏதோ சீறுது மேடம்," என்றாள் நுஸைபா. அதிராம்பட்டினத்துப் பெண். இரண்டாவது வரிசைக்கு அப்பால் கேட்காத குரல். "இருட்ட ஆரம்பிச்சா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரே சத்தம். பாம்புங்கிறா ஒருத்தி, பேய்ங்கிறா ஒருத்தி. வார்டனம்மா என்னைக் கூப்பிட்டு, நாகூர் பக்கம் யாராச்சும் போனா ஓதின தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லுன்னாங்க."

"வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். தெளிச்சும் பாத்தாச்சு. இன்னும் ஜாஸ்தியா சீறுது."

வகுப்பு சிரித்தது. பூர்ணிமாவுக்குச் சிரிப்போடு வேறொரு எண்ணமும் வந்தது.

அம்மாப்பேட்டை சாலையில், நாலு பக்கமும் சம்பா வயல் சூழ்ந்த சின்ன பி.எட். கல்லூரி அது. நாளைக்கு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் போய் நிற்கப் போகிற பிள்ளைகளுக்கு, இந்த வட்டாரத்துச் செடி கொடி, பறவை பூச்சிகளை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு பாடம் அந்த ஆண்டுதான் சேர்த்திருந்தார்கள். பூர்ணிமா அதை ஆசையோடு கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் வகுப்பில், தெரிந்த விலங்குகளின் பெயர்களை எழுதச் சொன்னாள். சிங்கம் வந்தது, ஒட்டகச்சிவிங்கி வந்தது, பென்குயின்கூட வந்தது. ஜன்னலுக்கு வெளியே வரப்பில் நின்றுகொண்டிருந்த கொக்கை ஒருவரும் எழுதவில்லை. அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் அவர்களை வயலுக்குள் இறக்கிவிட்டாள். நண்டு வளையும் எலி வளையும் எப்படி வித்தியாசப்படும், அறுவடை மிஷினுக்குப் பின்னால் மைனாக் கூட்டம் ஏன் ஓடுகிறது என்று பார்த்துப் பழகினார்கள். சேறு பட்ட செருப்போடு அவர்கள் வராந்தாவில் ஏறுவதைப் பிரின்சிபால் வாஞ்சிநாதன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

அன்று சாயங்காலமே பூர்ணிமா விடுதிக்குப் போனாள். மாடிப்படியின் உச்சியில், இப்போது பயன்படாத பழைய தண்ணீர்த்தொட்டி அறை. வெளிப்பக்கத்துக் காற்றுத் துளையில் கம்பி பெயர்ந்து கிடந்தது. வார்டன் நீலாம்பாள் துடைப்பத்தோடு துணைக்கு வந்தார். நாலு படி கீழே நுஸைபாவும், அவள் பின்னால் படி நிறையப் பெண்களும்.

பூர்ணிமா கதவை விரல் நுழையும் அளவுக்குத் தள்ளினாள். உள்ளிருந்து சீறல் எழுந்தது. மூலையில், தொட்டிக்குப் பின்னால், பஞ்சுப் பொதிபோல் மூன்று குஞ்சுகள். ஒன்று பெரிசு, ஒன்று நடுத்தரம், ஒன்று இப்போதுதான் கண்விழித்ததுபோல் பொடிசு. மூன்றுக்கும் வெள்ளை முகம், நீளமான அலகு, முகத்துக்கு ஒட்டாத கறுப்புக் கண்கள். புதியவளைப் பார்த்ததும் மூன்றும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே சீறின.

"கூகைம்மா, வெள்ளை ஆந்தை," என்றாள் பூர்ணிமா மெதுவாக. "குஞ்சு பொரிச்சிருக்கு. பசிக்குச் சத்தம் போடுதுங்க."

நீலாம்பாள் எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சாக்குருவியா? இது அலறினா வீட்டுல ஒரு உசிரு போகும்பாங்களே மேடம்."

"உசிரு போறது என்னவோ நெசந்தான்," என்று தரையைக் காட்டினாள் பூர்ணிமா. "எலியோட உசிரு."

தரையெங்கும் கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை முழுசாக விழுங்கும். சதை செரித்த பிறகு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி வாய்வழியாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளை அவள் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போய், பூ பொறுக்குகிற பக்குவத்தோடு ஒரு பாத்திரத்தில் பொறுக்கினாள். நீலாம்பாள் அந்தப் பாத்திரத்தை இனி சமையற்கட்டுக்குள் சேர்ப்பதில்லை என்று அங்கேயே அறிவித்தார்.

ஆய்வகத்து ஓவனில் சூடேற்றிக் கிருமி போக்கிய உருண்டைகள் மறுநாள் மேசைக்கு வந்தன. ஆளுக்கொன்று, கூடவே ஒரு இடுக்கி, ஒரு வெள்ளைத்தாள். முதலில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சே நின்றுபோயிற்று. சாம்பல் மயிருக்குள்ளிருந்து விலா எலும்புகள் வந்தன, முள்ளெலும்புகள் வந்தன, பிறகு ஒரு முழு மண்டையோடு ராம்கியின் தாளில் வந்து விழுந்தது. ராம்கி பாபநாசம் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். அதன் நீண்ட முன்பற்களை இடுக்கியால் தொட்டுப் பார்த்தான்.

"எங்க வயல் எலி மேடம் இது. இந்தப் பல்லாலதான் கதிரை அடியில வெட்டும். இந்த வருசம் எங்கப்பா கிட்டி வெக்க ஆள் தேடியே அலுத்துட்டாரு." மூங்கிலில் வில்போல வளைத்துக் கட்டும் அந்த எலிப்பொறியை, வயல் பழக்கமில்லாத வகுப்புத் தோழன் கேஷவுக்குக் கையாலேயே செய்து காட்டினான்.

நுஸைபாவின் உருண்டையில் இருந்த மண்டையோடு மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒடுங்கி நீண்டு, வரிசையாகக் கூரான பற்கள்.

"மேடம், இது எலி இல்ல. எலிக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல காலியிடம் இருக்கு. இதுக்கு இல்ல. பூச்சி தின்கிற பல்லு மாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "மூஞ்சூறா?"

"மூஞ்சூறுதான்," என்றாள் பூர்ணிமா. பக்கத்து மேசைக்காரர்கள் நுஸைபாவின் தாளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சந்தோஷம் மத்தியானம் வரைதான். பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

"வெள்ளிக்கிழமை ஆள் வர்றான் மேடம். அந்தத் தொட்டி அறை ஓட்டைக்கு வலை அடிச்சு மூடிடலாம்."

"உள்ள குஞ்சு இருக்கு சார். மூடினா தாய் வர வழியில்லாம செத்துப்போயிடும். பறக்குற வரைக்கும் விடுங்க, ஒரு மாசந்தான்."

"ஒரு மாசத்துல காலேஜுக்கு அங்கீகாரம் தர்ற ஆய்வுக்குழு வந்துட்டே போயிடும். எனக்கு இந்தச் சகுனத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஊருக்கு இருக்கே? சாக்குருவி அடையற காலேஜுன்னு பேர் வந்தா பொண்ணுங்களை யார் அனுப்புவா, சொல்லுங்க."

அவர் கெட்டவர் அல்ல. கணக்கு வாத்தியாராக இருந்து பிரின்சிபால் ஆனவர். வீணாகப் பேசுகிறவரும் அல்ல. பூர்ணிமா எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை காலையில ஒரு மாதிரி வகுப்பு இருக்கு சார். நீங்க வந்து உக்காரணும்."

"யாரு எடுக்குறாங்க?"

யாரென்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை. ராம்கியை நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குத் திரும்பினாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நுஸைபா எழுந்துவிட்டாள். "நான் எடுக்குறேன் மேடம்." போன மாதம் இலையின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்க நின்று, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டவள். பூர்ணிமா ஒரு நொடி தயங்கினாள். "சரிம்மா, எடு," என்றாள்.

மாதிரி வகுப்பில் சக மாணவர்களே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். ராம்கி அதில் மன்னன். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு, "மிஸ், இவன் கிள்ளுறான்," என்று ஆரம்பித்தால் வகுப்பே குலுங்கும். வெள்ளிக்கிழமை வாஞ்சிநாதன் உள்ளே வந்தபோது காலியாக இருந்தது கடைசி பெஞ்ச் மட்டும்தான். அங்கே போய் உட்கார்ந்தார். நுஸைபா அவருக்கும் ஒரு தாளும் இடுக்கியும் உருண்டையும் வைத்தாள்.

"நானுமா?" என்றார்.

"இன்னைக்கு இந்த வகுப்புல எல்லாரும் ஏழாம் வகுப்பு சார்," என்றாள் அவள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது ஒரு வீட்டுச் சாப்பாட்டோட மிச்சம்," என்று ஆரம்பித்தாள் நுஸைபா. "அந்த வீட்டுக்காரங்க யாரு, என்ன சாப்பிட்டாங்கன்னு நீங்கதான் எனக்குச் சொல்லப்போறீங்க. பிரிச்சுப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மேசை மேசையாக நடந்தாள், கேள்வி மட்டும் கேட்டாள். இந்தப் பல்லு எதுக்கு? இந்தக் கால் ஏன் இவ்வளவு நீளம்? வயல்ல தண்ணி நிக்கும்போது எலி எங்க போகும்? அறுத்த பிறகு எங்க போகும்? குரல் உயர்ந்ததை அவள் கவனிக்கவில்லை, கடைசி பெஞ்ச் வரை கேட்டது.

"எத்தனை எலின்னு யாராச்சும் சொல்ல முடியுமா?"

"மண்டையை எண்ணணும் மிஸ்," என்றான் ராம்கி.

"மண்டை ஒடஞ்சிருந்தா?"

எல்லோரும் தங்கள் தாளைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. பிரின்சிபாலின் கை. நுஸைபா திகைத்தாள். பெயர் சொல்லியா கூப்பிடுவது? "கடைசி பெஞ்ச், சொல்லுங்க," என்றாள்.

"கீழ்த்தாடை எலும்பை இடது, வலதுன்னு தனித்தனியா வெச்சிட்டேன். ஒரு எலிக்கு ஒரு இடதுதான் இருக்கும். எது அதிகமோ அதை எண்ணினா, குறைஞ்சது அத்தனை எலி." அவருடைய தாளில் எலும்புகள் நூல் பிடித்ததுபோல் வரிசையாக இருந்தன. "எனக்கு ஒரு வலது தாடை குறையுது. யார்கிட்டயாவது அதிகமா இருக்கா?"

"எங்கிட்ட இருக்கு சார், ஆனா தரமாட்டேன்," என்றான் ராம்கி, நடிப்பை விடாமல். வாஞ்சிநாதன் சிரித்ததை அந்த வகுப்பு அன்றுதான் பார்த்தது.

மணி அடித்தும் அவர் எழவில்லை. வலை அடிக்கிற ஆள் வாசலில் வந்து நிற்பதாக வாட்ச்மேன் சொன்னதற்கு, தலையைத் தூக்காமலே, "மாடி வேண்டாம். லைப்ரரி ஜன்னல்ல கொசு வருது, அதுக்கு அடிக்கச் சொல்லு," என்றார். பிறகு பூர்ணிமாவைப் பார்த்து, "ஆய்வுக்குழுவுக்கும் ஒரு உருண்டை எடுத்து வெச்சிருங்க மேடம்," என்றார்.

பூர்ணிமா ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, இருந்த இடத்திலேயே இரண்டு தரம் குதித்தாள்.

அடுத்த வாரம் பயிற்சிக்காக நுஸைபாவும் ராம்கியும் பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளிக்குப் போனார்கள். நுஸைபா அதே பாடத்தை ஏழாம் வகுப்பில் எடுத்தாள். உண்மையான பிள்ளைகள் மூக்கைப் பொத்தவில்லை, இன்னொன்று கேட்டார்கள். பாடம் முடிகையில், கூகை இருக்கிற இடம் தெரிந்தால் வந்து சொல்லுங்கள், நீங்களாக எதையும் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். பிள்ளைகள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் தலைமையாசிரியை ராஜாத்தி பூர்ணிமாவுக்குப் போன் செய்தார். "மேடம், உங்க பொண்ணு என்ன சொல்லிக்குடுத்துச்சோ தெரியல. பிள்ளைங்க டிபன் பாக்ஸ்ல என்னத்தையோ கொண்டு வந்து என் மேசையில அடுக்குதுங்க. ஒருத்தன் பெருமாள் கோயில் கோபுரத்துலேர்ந்துங்கிறான், ஒருத்தி அவங்க பெரியப்பா வீட்டு நெல் குடோன்லேர்ந்துங்கிறா. சோத்தை எதுல போடுறதுன்னு சத்துணவு ஆயா சத்தம் போடுறாங்க. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

பூர்ணிமா கையுறைப் பெட்டியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனாள். பள்ளி வேப்பமரத்தடியில் வரிசை நின்றது. முதல் வேலையாக ராம்கி எல்லோரையும் குழாயடியில் கை கழுவ வைத்துக்கொண்டிருந்தான். நுஸைபா சாக்கு விரித்து உட்கார்ந்து, வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். கோபுரத்து உருண்டை அசலாகவே இருந்தது. குடோன் உருண்டையும் அசல். பூர்ணிமா ஊர்ப் படத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைய ஆரம்பித்தாள். கூகை இருக்கும் இடமெல்லாம் புள்ளி வைக்க நாலைந்து பிள்ளைகள் மண்டியிட்டார்கள்.

வரிசையின் கடைசியில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். திறந்தாள். எல்லாவற்றையும்விடப் பெரிய உருண்டை, பழுப்பு நிறம்.

நுஸைபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். இடுக்கியால் ஒரு நார் இழையை இழுத்துப் பார்த்தாள். சிறுமி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"இதைக் கக்கினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் நுஸைபா, மிகவும் பொறுப்பான முகத்தோடு.

"யாரு மிஸ்?"

"தென்னை மரம்."

வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. சிறுமியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, உருண்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் கேட்டாள்: "சரி மிஸ், இதுக்குள்ள யாராச்சும் குடியிருக்காங்களான்னு பிரிச்சுப் பாக்கலாமா?"

நுஸைபா சாக்கில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.