இலை சொன்ன பதில்

அப்பாவின் இடது கன்னத்தில் அடக்கியிருந்த கோகா இலைச் சக்கையை நெலிதா விரலால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வீக்கத்தில் தாடை சரியாகத் திறக்கவில்லை. கடைவாய்ப் பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கி, மூன்றே நாளில் அப்பா அனிசெத்தோவைக் கொண்டுபோய்விட்டது. மகளோ குஸ்கோ நகரத்தில் பல் டாக்டருக்கு மரப்பு ஊசி நிரப்பிக் கொடுக்கிற நர்ஸ். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

பல்லைப் பிடுங்கிக்கொள்ள வரச்சொல்லி ஒரு வருஷமாக அப்பாவைக் கூப்பிட்டாள். "மரத்துப்போக ஊசி போட்டுத்தான்ப்பா புடுங்குவாங்க. அந்த மருந்துக்கு மூலமே நம்ம இலைதான். வெள்ளக்காரங்க கொண்டுபோய் சாரத்தப் பிரிச்சு, முதல்ல கண்ணு ஆபரேசனுக்கு விட்டுப் பாத்தாங்க. அப்புறம் இலையே இல்லாம அதே மாதிரி செய்யக் கத்துக்கிட்டாங்க. இப்ப பல்லு, தையல் எல்லாத்துக்கும் அதுதான்."

"அந்த மருந்துக்குத் தாய் என் கன்னத்துலயே இருக்கா. மகளத் தேடி நான் எதுக்கு குஸ்கோ வரணும்?" என்று சிரிப்பார்.

போன மாதம்தான் மனம் இறங்கி வந்தார். "சரி, இலை போட்டுக் குறி கேட்டுப் பாக்கறேன்." மறுநாள் போனில், போர்வையில் வீசிய இலைகளெல்லாம் வெளிறின முதுகைக் காட்டி விழுந்ததாகவும், பயணம் ஆகாது என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த இலைமேலேயே ஆத்திரம்.

இப்போது அம்மா தொமாசா, அவர் மேலுலகம் போகிற வழிக்கென்று அவருடைய பையில் புது இலைகளை நிரப்பினாள்.

"அது எதுக்கும்மா? அதுதானே அவர வரவிடாம பண்ணுச்சு?"

தொமாசாவின் கை நின்றது.

"இலை பச்ச முகமாத்தான்டி விழுந்துச்சு. மூணு தடவையும். உங்கப்பாதான் மாத்திச் சொல்லிட்டாரு. எந்தக் காளைக்கும் அசராத மனுசன், ஊசின்னா உசுரு போயிரும். மககிட்ட சொல்ல வெக்கம்."

நெலிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து அவள் கையை இறுகப் பிடித்திருக்கிறார்கள். ஒரே ஒருமுறை அப்பா பிடித்திருந்தால் போதும் என்று இருந்தது.

"அந்த ஊசி ரொம்ப வலிக்குமாடி?"

"இல்லம்மா. எறும்பு கடிக்கிற மாதிரி. பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

தொமாசா கணவனின் காதருகே குனிந்தாள்.

"கேட்டியாய்யா? பத்து எண்ணுறதுக்குள்ளயாம்."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். பத்தாவது விரலை மடக்கிய பிறகும் கைகளை விரிக்கவில்லை.