ஒரே கல்லா

மஸ்தான் மரைக்காயர் உயிரோடு இருந்தவரை மலேசியாவின் தஞ்சோங் காராங் கடையில் ஒரே கல்லாதான். சாப்பாட்டுக் கடையில் விழும் காசு, நெல் ஏற்றும் லோரியின் வாடகை, அடுத்த வாசலில் இருந்த உரம், பூச்சி மருந்துக் கடையின் வசூல், எஸ்டேட்டுகளுக்குப் பலகாரம் கொண்டுபோகும் வேனின் வியாபாரம், எல்லாம் சாயங்காலம் அந்த ஒரு பெட்டியில்தான் வந்து சேரும். எதற்குப் பணம் தேவையோ அதற்கு அதிலிருந்தே அள்ளுவார்கள். எந்தத் தொழில் எந்தத் தொழிலைத் தாங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நினைப்பதே துரோகம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள்.

பெரியவர் மௌத்தான பிறகு கல்லாவில் மூத்த மகன் கனி உட்கார்ந்தான். நாற்காலி முனகும்படி உட்கார்ந்தான். இளையவன் ஹபீபுல்லா லோரி ஓட்டினான். அண்ணன் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். இருவருக்கும் நடுவில் பிறந்தவள் நஜீபா. அவள் கணவன் பீர்கானுக்கு ஆஸ்துமா. புழுதி ஆகாது. அதனால் அவன் வீட்டில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாவும் வடையும் போட, வேனை அவளே ஓட்டிக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை எஸ்டேட்டுகளைச் சுற்றி வந்தாள். பொம்பளை வேன் ஓட்டுவது மானக்கேடு என்று கனி வாரத்துக்கு நான்கு முறை சொல்வான். வேன் கொண்டுவரும் காசில் மட்டும் அவனுக்கு மானக்கேடு எதுவும் தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருடம் அந்த வேனின் கியர்பாக்ஸ் போகத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது அது போட்ட சத்தத்தைக் கேட்டு எஸ்டேட் தொழிலாளர் லயத்து நாய்கள் குரைத்தன. வேன் நின்றால் நஜீபாவின் அடுப்பும் நின்றுவிடும். அவள் கல்லாவுக்கு முன்னால் போய் நின்று பணம் கேட்டாள்.

"இப்ப முடியாது லா," என்றான் கனி. "நடவு சீசன். இருக்கிற காசு டுயிட் எல்லாம் உரத்துக்கும் மருந்துக்கும் போகுது. அரசாங்கம் கொடுக்கிற உரம் வயல்காரனுகளுக்குப் பத்தாது. கடனாக் கொடுத்தா கம்பத்து ஜனத்துல பாதிப் பேரு நம்மகிட்டதான் வருவான்."

"ஆறு மாசமா கேக்குறேன் காக்கா. வேன் சம்பாதிச்ச காசுலேர்ந்துதான் கேக்குறேன்," என்றாள் நஜீபா; அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அது என்ன பெரிய சம்பாத்தியம்? தேத்தண்ணிக் காசு!"

"தேத்தண்ணிக் காசுதான். மழையானாலும் வெயிலானாலும் வருது. உங்க உரக்கடைக் காசு எப்ப வரும்?"

"அறுப்பு முடிஞ்சா வரும். ஒன்னு போட்டா ஒன்னரையா வரும். நாலு சீசனா வந்திருக்கு, கண்ணு இருந்தா பாரு."

"அறுப்பே இல்லேன்னா?"

"வாயைக் கழுவு!"

"கழுவிட்டுத்தான் கேக்குறேன். அறுப்பு இல்லேன்னா?"

கனி மேசையில் ஓங்கி அடித்தான். "சாப்பாட்டுக் கடை இருக்கு. லோரி இருக்கு. வாப்பா என்னை ஒத்தக் கால்ல நிக்க வச்சிட்டுப் போகல."

நஜீபாவும் லேசுப்பட்டவள் இல்லை. பிடித்த பிடியை விடமாட்டாள். அதுவும் பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றால் குரல் இன்னும் ஏறும். கடை முழுக்க நெல் வயல்காரர்கள். வாசலில் அவர்கள் கழற்றிவிட்ட ரப்பர் பூட்ஸுகளில் வாய்க்கால் சேறு காயாமல் இருந்தது. அவள் திரும்பி அவர்களைக் காட்டினாள்.

"இந்தக் கடையில சாப்பிடுறது யாரு? லோரி ஏத்துறது என்ன? நெல்லு செத்தா மூணும் ஒரே நாள்ல சாகும் காக்கா. நீங்க மூணு தொழில்னு சொல்றீங்க, எனக்கு ஒன்னுதான் தெரியுது. லாபத்தை மட்டும் எண்ணுறீங்க. அந்த லாபத்துக்காக எவ்வளவு பணம் ஆபத்துல நிக்குதுன்னு எண்ண மாட்டேங்கிறீங்க. ஒவ்வொரு தொழிலும் படுத்தா எவ்வளவு வேணும்? அதை அந்தந்தத் தொழிலோட லாபத்துலேர்ந்தே முதல்ல எடுத்து ஒதுக்குங்க. ஒதுக்கின பிறகு எதுல மிச்சம் நிக்குதுன்னு பார்ப்போம். உங்க உரக்கடையில ஒரு காசு நிக்காது. என் தேத்தண்ணிக் காசு நிக்கும்."

பின்மேசையில் இருந்த ஹபீபுல்லா தேநீர் கிளாசுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான். அவள் சொன்னது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததை அண்ணன் எதிரில் காட்டிக்கொள்ளத்தான் அவனுக்குத் தைரியம் இல்லை.

"கல்லாவைப் பிரிக்கச் சொல்றவ குடும்பத்தைக் கெடுக்க வந்தவ," என்றான் கனி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"அப்ப என் பங்கைக் கொடுத்துடுங்க. ஆம்பளைக்கு ரெண்டு, பொம்பளைக்கு ஒன்னு, அஞ்சுல ஒன்னு. மார்க்கம் கொடுத்தது, நீங்க கொடுக்கிறது இல்ல."

தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த அந்தக் குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணத்தில் நகை போடுவார்கள், சீர் செய்வார்கள். அதோடு அவள் தொழிலில் பங்கு கேட்க மாட்டாள் என்பது எழுதாத ஏற்பாடு. கேட்டவள் இவள்தான் முதல். கனிக்கு மூக்கு நுனி வரை சிவந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் பக்கத்து அறையில் ஜமாஅத்துப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நஜீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். ஐந்தில் ஒன்று அவளுக்கு உண்டு என்பதில் பெரியவர்களுக்குச் சந்தேகம் இல்லை. எதை எடுத்துக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு நின்றது. அவள் சாப்பாட்டுக் கடையில் ஒரு பாதியும் வேனும் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்போது கனி எழுந்தான். முகத்தில் அப்படியொரு பணிவு.

"தங்கச்சி அன்னைக்குக் கடையில நாலு பேரு முன்னாடி ஒரு நியாயம் சொல்லுச்சு. ஆபத்துக்கு ஒதுக்கின பிறகு மிச்சம் நிக்கிறது வேன்லதான், உரக்கடையில ஒன்னும் நிக்காதுன்னு. நஜீபா, சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"இப்பவும் அதேதானா?"

வேண்டாம் என்று அவளுடைய புத்தி சொன்னது. ரோஷம் புத்தியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. "அதேதான்."

"அப்ப இருக்கிறதுலேயே நல்ல தொழிலு அதுதானே? அதையே முழுசா எடுத்துக்கட்டும். ஒன்னும் நிக்காத கடைகளை நாங்க ரெண்டு பேரும் வச்சிக்கிறோம். தங்கச்சிக்குக் கூடுதலாவே கொடுத்திருக்கோம்னு நீங்களே எழுதிக்குங்க."

பெரியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்களும் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள். அவளுடைய கணக்கை எடுத்து அவள் தலையிலேயே மிளகாய் அரைத்துவிட்டான் கனி. மேட்டில் ஏறாத ஒரு பழைய வேன், வாப்பாவின் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு! மறுத்தால் கடையில் பேசியது வாய்ச்சவடால் என்று ஆகும். நஜீபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கே அழுவதைவிட அந்த வேனுக்கு அடியில் படுத்துவிடலாம் என்று இருந்தது.

"எடுத்துக்கிறேன்," என்றாள். "வேன் என் பேருக்கு மாறணும். இன்னையிலேர்ந்து என் லாபம் உங்க கல்லாவுக்கு வராது. உங்க நட்டம் என் வாசலுக்கு வரக்கூடாது."

"எங்களுக்கு ஏம்மா நட்டம் வருது?" என்றான் கனி, வெற்றிலைப் பல்லைக் காட்டி.

வளையலை விற்று கியர்பாக்ஸ் மாற்றினாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு வெறி பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் வரும் காசில் வேன் படுத்தால் எடுப்பதற்கென்று ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் லாபம் என்று பீர்கானிடம் சொல்லுவாள். மீன் வாங்கச் சொன்னாலும் அந்தப் பங்கைத் தொடமாட்டாள். எஸ்டேட் சம்பளத்தை மட்டுமே நம்பியிருப்பதும் கனியின் புத்திதான் என்று தோன்றியது. காலையில் எஸ்டேட், பிற்பகலில் ஜெராம் படகுத்துறை என்று ஆக்கினாள். எஸ்டேட்டில் சம்பளம் தள்ளிப்போன மாதம் மீன்காரர்கள் தாங்கினார்கள். காற்றடித்துப் படகு போகாத வாரம் எஸ்டேட் தாங்கியது. மண்டோர் சன்னாசி, இருபது வருடமாகச் செம்பனைக் காட்டில் ஆள் மேய்க்கிறவர், அவளிடம் வடை வாங்கும்போதெல்லாம் சொல்வார், "நஜீபாம்மா, நீங்க கணக்கெழுதுற கிராணியா வந்திருக்கணும்." அவள் சிரிக்க மாட்டாள்.

கனியை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஹபீபுல்லா மட்டும் வாரம் ஒரு நாள் லோரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அண்ணனுக்குத் தெரியாமல் வந்து, மச்சான் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் போவான். "லாத்தா, வேன் எப்படி ஓடுது?" என்பான் அக்காவிடம். அந்த ஒரு கேள்விக்காக அவள் அந்த நாளை எதிர்பார்த்திருப்பாள்.

மறு வருடம் இரண்டாம் சீசனில் நோய் விழுந்து நெல் சிவந்தது. முதலில் வாய்க்கால் ஓரத்தில் ஒரு பாத்தி, பிறகு அடுத்தது, பிறகு கண்ணுக்கு எட்டியவரை. பயிர் குட்டையாக நின்று கருகியது. மருந்து அடித்தார்கள், கனிதான் கடனில் கொடுத்தான், கொடுத்த கடனைக் காப்பாற்ற இன்னும் கடன் கொடுத்தான். அறுப்பு என்று ஒன்று இல்லாமல் போனது. வயல்காரர்கள் உரக்கடைப் பக்கம் தலைவைக்கவில்லை. கையில் காசில்லாதவன் கடைச் சாப்பாடு சாப்பிட மாட்டான். மேசைகளில் ஈ மொய்த்தது. ஏற்ற நெல் இல்லாமல் லோரி கடைக்குப் பின்னால் நின்றது. லோரியின் தவணை கட்டவில்லை என்று பைனான்ஸ்காரன் ஆள் அனுப்பினான். மருந்து கொடுத்த கம்பெனி இருந்த சரக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது.

கேள்விப்பட்டபோது நஜீபாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்? தொழுதுவிட்டு எழுந்த பிறகும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள். கனி இளைத்திருந்தான். உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தான்.

"உன்கிட்ட பணம் இருக்குன்னு ஊரெல்லாம் பேசுது," என்றான். கேட்க வந்தவனின் குரல் இல்லை அது. "அடுத்த சீசன் நெல்லு நல்லா வரும். ஒரு தடவை கை கொடுத்தா எல்லாரும் எந்திரிச்சிடலாம். மறுபடியும் ஒரே கல்லாவா ஆக்கிடுவோம். நமக்குள்ள என்ன?"

"உரக்கடைக்கு ஒரு காசு கொடுக்க மாட்டேன்."

"மனசுல விஷம்டி உனக்கு!"

"இருக்கட்டும். சாப்பாட்டுக் கடைக்கும் கொடுக்க மாட்டேன். அந்த ரோட்டுல இனி ரெண்டு சீசனுக்கு ஆள் வராது." அவள் ஹபீபுல்லாவின் பக்கம் திரும்பினாள். "லோரிக்குக் கொடுக்கிறேன்."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"பாக்கித் தவணையைக் கட்டுறேன், டயர் மாத்தித் தர்றேன். நெல்லு ஏத்தக்கூடாது. செம்பனைக் குலை ஏத்தணும். சன்னாசிகிட்ட பேசிட்டேன், மில்லுக்கு லோரி பத்தல. லாபம் பாதிப் பாதி. மாசம் முதல் தேதி என் பங்கு வரணும். லோரியில காக்கா கை வைக்கக்கூடாது."

கனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "இவன்தான் உனக்குக் கூடப்பொறந்தவனா? நான் யாரு? ஒரே வயித்துல வந்தவங்கதானே ரெண்டு பேரும்? அவனுக்குக் கொடுக்கிறே, எனக்கு இல்லையா?"

"அவனுக்கு யாரு கொடுத்தா?" நஜீபாவின் குரல் வீட்டையே நிறைத்தது. பள்ளிவாசல் அறையில் கேட்ட சிரிப்பெல்லாம் அப்போது அவள் தொண்டையில் இருந்தது. "லோரிக்குக் கொடுக்கிறேன். லோரியால தாங்க முடியும், அதனால கொடுக்கிறேன். நாளைக்கு அது தாங்கலேன்னா அதையும் வித்துட்டு வேற பக்கம் போடுவேன். யாரு ஓட்டினா எனக்கென்ன?"

கனியை அடிக்க அவள் வீசிய சொல் அது. கனி கதவை அறைந்துவிட்டு வெளியே போய்விட்டான். அடி விழுந்தது யாருக்கு என்று அவள் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஹபீபுல்லா சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. அவனுக்கு இரண்டு குழந்தைகள். வேறு தொழில் தெரியாது.

"சரி," என்றான் கடைசியில். "எடுத்துக்கிறேன்."

பீர்கான் தேநீர் கொண்டுவந்தான். ஹபீபுல்லா வேண்டாம் என்று கையை ஆட்டினான். நஜீபா, "ஹபீபு, நான் காக்காவைத்தான்..." என்று ஆரம்பித்தாள். "பணத்தை என்னைக்கு வந்து வாங்கிக்கட்டும்?" என்று அவன் கேட்டான்.

அவள் போட்ட கணக்கு எதுவும் தப்பவில்லை. லோரி இரவு பகலாக ஓடியது. சாப்பாட்டுக் கடையை வேறொருவர் வாடகைக்கு எடுத்தார். கனி பத்தாங் காலியில் ஒரு உறவுக்காரர் கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்தான். தெருமுனையில் லோரி நிற்கிற சத்தத்துக்காக நஜீபா வாரத்தில் அந்த ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. வேலை அதிகமாக இருக்கும் என்று பீர்கானிடம் சொன்னாள்.

முதல் தேதி காலை எஸ்டேட்டில் வேனை நிறுத்தியபோது சன்னாசி வந்து ஒரு உறையை நீட்டினார்.

"என்னங்க இது?"

"லோரிக்காரத் தம்பி விடியக்காலையில கொடுத்துட்டுப் போனாரு. உங்க பங்காம்."

"அவனே வந்து கொடுக்கலாமே. வேற ஏதாவது சொன்னானா?"

"வேற ஒன்னும் சொல்லல நஜீபாம்மா. 'முதலாளியம்மாகிட்ட கொடுத்துடுங்க'ன்னாரு. யாரைச் சொல்றாருன்னே எனக்கு முதல்ல புரியல."

நஜீபா உறையைப் பிரித்துப் பார்த்தாள். பணத்தில் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. சன்னாசிக்கு வடையை மடித்துக் கொடுத்தாள், சில்லறை கொடுத்தாள், பிறகு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, லயத்துப் பெண்கள் வரிசையில் காத்திருக்க, வாய்விட்டு அழுதாள்.