துரை செதுக்கிய துணைக்கருவி

வாத்தியார் சரவணகுமாருக்கு இடுப்பு கழன்றே போயிருந்தது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் நிமிர முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம், கடலோர மணலில் சக்கரம் புதைந்த கைவண்டியோடு மல்லுக்கட்டி, ஒரு கல் மாட்டைப் பள்ளிக்கூடத்துக்குள் இறக்கியதில் வந்த வலி.

எல்லாம் அந்த இங்கிலீஷ் பாடத்தால். போன வருஷம் ஆய்வுக்கு வந்த மேற்பார்வையாளர் சுப்புராமன், வகுப்பில் பாடத்தைக் காட்டி நடத்த ஒரு துணைக்கருவிகூட இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இந்த வருஷமும் இல்லையென்றால் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி அடித்துவிடுவேன் என்று சொல்லியும்விட்டார். சரவணகுமார் மாமல்லபுரத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு மூன்று மாசம்தான் ஆகியிருந்தது.

அவனுக்குப் படம் வரைய வராது. அட்டையில் மாடு வரைந்து தூக்கிக் காட்டினால், பிள்ளைகள் ஒரே குரலில் 'டாக்' என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே நிஜ மாடுகள் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாது.

சிற்பி துரையின் மகள் அம்சா மூன்றாம் வகுப்பில் படித்தாள். விஷயம் தெரிந்ததும் துரை, பட்டறை மூலையில் விரிசல் விட்டுக் கிடந்த கல்லில் தானே ஒரு மாடு அடித்துத் தருவதாகச் சொன்னான். போய்ப் பார்த்தபோது அது கால் மடக்கி, கழுத்தில் மணிச்சரம் போட்டு, திமிலோடு உட்கார்ந்திருந்தது.

"இது நந்தியாச்சேப்பா," என்றான் சரவணகுமார்.

"கை அதுக்குத்தான் சார் பழகிகீது. நான் இன்னா பண்றது?"

"பாடத்துல பசு மாடுப்பா."

"உக்காந்துகினு கீறப்போ பசுவா காளையான்னு எவன் சார் குனிஞ்சு பாக்கப்போறான்?"

கண்ணை மட்டும் அவன் திறக்கவில்லை. கோயிலுக்குப் போகிற சிலைக்குத்தான் நாள் பார்த்துக் கண் திறப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாட்டுக்கு எதற்கு?

ஆய்வு நாளன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரவணகுமார் வந்து சேர்ந்தபோது, வகுப்பு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. சத்துணவுக்கூடத்து எல்லம்மாள் விடியற்காலையிலேயே வந்து, மாட்டைக் கழுவி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அரளி மாலையும் போட்டிருந்தாள். கற்பூர வாசனை தூக்கியது. சாமியை வெறுமனே விடலாமா என்று அவனிடமே கேட்டாள்.

அவன் அம்சாவை எழுப்பி, மாட்டைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றான்.

"சாமி, சார்."

கவ் என்று சொல்லச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியை மாடு என்றால் நாக்கு அழுகிவிடும் என்று எல்லம்மாள் சொல்லியிருக்கிறாளாம். தொட்டுக் காட்டச் சொன்னான். வகுப்பே பின்னால் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

சுப்புராமன் உள்ளே வந்தார். கற்பூரத்தைப் பார்த்ததும் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, நந்தியின் காதருகே கையைக் குவித்து, வெகுநேரம் முணுமுணுத்தார். நெற்றியில் குங்குமம் இட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவர் அதிகாரி ஆனார்.

"இங்கிலீஷுக்குத் துணைக்கருவி எங்க, சரவணகுமார்?"

சரவணகுமார் நந்தியைக் காட்டினான்.

சுப்புராமனின் முகம் கறுத்தது. "சாமிய வச்சா பாடம் நடத்துறீங்க?"

சரவணகுமாருக்கு இடுப்பு வலி மறந்துபோனது. சாமி என்று ஒத்துக்கொண்டால் வகுப்பில் துணைக்கருவி இல்லை, அஸ்திவாரம் அஸ்திவாரமாகவே கிடக்கும். மாலையை ஒதுக்கிவிட்டு, மாட்டின் முகத்தில் விரலை வைத்தான்.

"கண்ணப் பாருங்க சார். இன்னும் தொறக்கல. கண்ணு தொறக்காத வரைக்கும் இது கல்லுதான். அம்சா, உங்க பட்டறையில இப்படிக் கண்ணு தொறக்காதது கெடந்தா இன்னா பண்ணுவ?"

"மேல ஏறி உக்காந்து நாஸ்தா துன்னுவேன், சார்."

சொன்னதோடு நில்லாமல் அவள் வந்து திமிலைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். "திஸ் இஸ் எ கவ்," என்றாள். அவ்வளவுதான். வகுப்பு முழுக்க மாட்டின் மேல் பாய்ந்தது. ஹார்ன் என்றால் கொம்பைப் பிடித்தது, டெயில் என்றால் வாலைப் பிடித்தது. ஒருத்தன் அரளி மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். நெற்றிக் குங்குமத்தோடு சுப்புராமன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைக் கும்பிட்டேன் என்று எழுத முடியாது. சாமி மேல் பிள்ளைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றும் எழுத முடியாது. 'துணைக்கருவி மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போகும்போது சத்துணவுக்கூடத்துப் பக்கம் ஒதுங்கி, எல்லம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு தொறக்காட்டி, வேண்டினது போய்ச் சேருமாம்மா?"

"நீ காதுலதானே சொன்ன, சாரு? காது ரெண்டும் நல்லாத்தான் கீது."

அவர் காதில் சொன்னது அடுப்படி வரைக்கும் அவளுக்குக் கேட்டிருந்தது. பொங்கலுக்கு முன்னாலேயே, வேண்டிக்கொண்டபடி, சுப்புராமனுக்குச் செங்கல்பட்டு ஆபீசுக்கு மாற்றல் வந்தது. சரவணகுமாரின் வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. ஒருமுறை ஆபீசில் அவரைப் பார்த்தபோது, எல்லம்மாள் சொல்லியிருந்த வேண்டுதலைப் பற்றி அவன் மெதுவாகப் பேச்சை எடுத்தான். பதிவேட்டில் அது துணைக்கருவிதானே என்று சொல்லிவிட்டு, அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

அந்த மாட்டுக்கு அவர் நேர்ந்துகொண்ட நூற்றெட்டுத் தேங்காய் மாலை இன்னும் பாக்கி.