பின்னோக்கி மூன்று அடி

கனகசபாபதி ஒரு கிழமையாகக் காலைச் சாப்பாட்டுக்கு முன் தேசாதிபதியைச் சந்தித்துவந்தார். சந்திப்பு நடந்த இடம் வெள்ளவத்தையில் அவருடைய சொந்த வீட்டு மண்டபம். தேசாதிபதியாக அவருடைய மனைவி பாலேஸ்வரி சாய்மனைக் கதிரையில் இருந்து, மடியில் சுளகை வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மன்னரின் பிறந்தநாளை ஒட்டிக் கனகசபாபதிக்கு, அரசாங்கம் கொடுக்கும் முகாந்திரம் என்ற கௌரவப் பட்டம் கிடைத்திருந்தது. கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்து, எந்தக் கோப்பையும் அவசரப்பட்டு நகர்த்தாத பெருமை அவருக்கு உண்டு. வருகிற புதன்கிழமை தேசாதிபதியின், அதாவது வெள்ளைக்காரக் கவர்னரின், மாளிகைக்குப் போய்ப் பட்டத்தை வாங்க வேண்டும்; அதற்குத்தான் இந்த ஒத்திகை. சரிகைக் கோட்டும் வாளும் இரவலாக வந்து, ஒத்திகையிலேயே உடம்பில் ஏறிவிட்டன. வாள் துருப்பிடித்து உறையோடு ஒட்டியிருந்தது. அதைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை, பிரித்தானிய சாம்ராச்சியமும் கவலைப்பட்டிருக்காது.

"எப்பிடி என்ர நடை?"

"கோயில் யானை தோத்துப்போகும்," என்றார் தேசாதிபதி. "காலை மட்டும் சுளகுக்குள்ள வச்சுப்போடாதேங்கோ."

அந்த நேரத்தில் மகள் நேசமலர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு வந்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பிப்பவள். அவள் முன்னே அடி வைத்ததும் வலது பாதம் உள்பக்கமாகத் திருகியது. விரல்கள் சுருண்டன, குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பியது. அடுத்த அடியிலும் அப்படியே. சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனாள்.

கனகசபாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வருடம் தொடங்கிய திருகல் இது. மாளிகாவத்தையில் டொக்டர் தாஸிம் காலைத் தட்டிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, "பிள்ளைக்குப் பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. மூளை குடுக்கிற கட்டளை குழம்புது. அதுனால தசையெல்லாம் ஒண்டுக்கொண்டு எதிரா இழுக்குது. மருந்து இன்னம் கண்டுபிடிக்கல்ல" என்று சொல்லியிருந்தார். மருந்து எழுதாத டொக்டரைக் கனகசபாபதி டொக்டராகவே மதிக்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில், கும்பிட்ட சனம் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்னால் அடி வைத்து விலகியபோது, நேசமலரும் விலகினாள். பாதம் திருகவில்லை. நூல் பிடித்தது மாதிரி நேராக வந்தாள். கனகசபாபதி அதைக் கண்டார், அன்றே விசாரணையை முடித்தார். தீர்ப்பு: நடிப்பு. மலாயாவில் இருந்து வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாப்பிள்ளையும் வராமலிருக்கப் போடும் நாடகம்.

தண்டனையும் தயாராக இருந்தது. வேலையை விட்டுவிட வேண்டும். பட்டம் வாங்கும் நாளில் ஊர்ச்சனத்தின் கண்ணில் படாமல், ஞாயிற்றுக்கிழமை மெயில் ரயிலில் யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பெரியம்மா வீட்டில் இருக்க வேண்டும்.

"இண்டைக்குப் பெரிய ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டு வா," என்றார் கனகசபாபதி.

"அங்கை ஒருத்தரும் என்ர காலைப் பார்த்துச் சம்பளம் தரேல்லை, ஐயா. நான் நிப்பாட்டமாட்டன்."

"நாலு பேர் என்ன கதைப்பினம்?"

அவள் மறுமொழி சொல்வதற்குள் படலை திறந்தது. அந்த நாலு பேரில் முதலாமவர் வந்தார். போன வருடமே முகாந்திரம் பட்டம் வாங்கியவரும், இரவல் வாளின் சொந்தக்காரருமான வரதராசா.

"முன்னால நடக்கிறது பெரிய வேலையோ, கனகர்? எருமையும் நடக்கும்," என்றார் வரதராசா, நாற்காலியை நிறைத்துக்கொண்டு. "பட்டம் வாங்கினாப் பிறகுதான் சோதினை. தேசாதிபதிக்கு முதுகு காட்டக்கூடாது. பின்னால மூண்டு அடி வச்சுத்தான் திரும்பவேணும்."

கனகசபாபதி திகைத்தார். கோயிலில் பூசை முடிந்ததும் விறுக்கென்று திரும்பி, செருப்பைத் தேடி முதலாவதாக வெளியேறுகிறவர் அவர். சாமிக்கு முதுகு காட்டி நன்றாகப் பழகியிருந்தார். வெள்ளைக்காரருக்குக் காட்டலாமா?

முதலடி வைத்தார். வாள் கணுக்காலுக்குள் புகுந்தது. இரண்டாவது அடிக்கு எந்தக் கால் என்று இரண்டு கால்களும் தங்களுக்குள் வழக்காடின. மூன்றாவது அடி வரவேயில்லை. சரிகையும் வாளுமாகத் தரையில் குந்தினார். தேசாதிபதி சுளகைத் தூக்கிக்கொண்டு தப்பினார்.

திரும்பவும் எழும்பினார், திரும்பவும் விழுந்தார்.

"இஞ்சை பாருங்கோ, ஐயா." நேசமலர் சுவரை விட்டுவிட்டாள். மண்டபத்தின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிவரை பின்னோக்கி நடந்தாள். நிமிர்ந்த தலை, சீரான அடி.

"அபாரம்!" என்றார் வரதராசா. "பட்டத்துக்கு இவவை அனுப்பும்!"

"பாத்தீரோ? நான் சொன்னன்தானே, எல்லாம் நடிப்பு!" தரையில் இருந்தபடியே கனகசபாபதி கையை நீட்டினார்.

நேசமலர் அப்படியே நின்றாள். "நீங்கள் முன்னால எவ்வளவு வடிவா நடக்கிறியள். அதே கால்தானே? பின்னால ஏன் வருகுதில்லை? ஆருக்கு நடிக்கிறியள்?"

"நடிக்கிறனோ? கால் என்ர சொல்லைக் கேக்குதில்லை, பிள்ளை!"

"ஒரு வருசமா நான் சொன்ன சொல்லும் அதுதான், ஐயா."

பாலேஸ்வரி சுளகைக் கீழே வைத்தார்.

"முன்னால போற நடைக்கு ஒரு கட்டளை, பின்னால போற நடைக்கு வேற கட்டளை எண்டு டொக்டர் சொன்னவர்," என்றாள் நேசமலர். "உங்களுக்குப் பழகினாச் சரிவரும். எனக்கு எவ்வளவு பழகினாலும் சரிவராமப் போகலாம். ஆனா ரெண்டு பேரும் நடிக்கேல்லை. நீங்கள் விழுந்ததை நான் உடன நம்பினன். என்னை நீங்கள் நம்பேல்லை."

அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கனகசபாபதி எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. வரதராசா கைகொடுத்து, தாழ்ந்த குரலில், "பிள்ளையை ஊருக்கு அனுப்பிறதுதான் புத்தி. புதன்கிழமை பெரிய பெரிய ஆக்கள் வருவினம்," என்றார்.

"வரட்டும். அவவும் வருவா. முன்வரிசையிலை இருப்பா. மெயிலுக்கு ஒருத்தரும் போகேல்லை."

சொல்லிவிட்டு வாளும் சரிகையுமாகவே படலைக்கு ஓடினார். ஒழுங்கையில் நேசமலர் போய்க்கொண்டிருந்தாள். பாதம் திருகியது, அவள் நின்றாள், மூச்சு வாங்கினாள், அடுத்த அடி வைத்தாள். எதிர்வீட்டு மதிலுக்கு மேல் தலைகள் முளைத்திருந்தன. கொட்டாஞ்சேனை வரைக்கும், ரயிலிலும் டிராமிலும், நாள்தோறும் இந்தக் காலோடு போய் வருகிறாள் என்பது கனகசபாபதிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் தேசாதிபதியிடம் வாங்கப்போகும் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது என்பதும் உறைத்தது.

"முகாந்திரம் ஐயா, மகளின்ர காலுக்கு என்ன? சும்மா ஒரு சாட்டெண்டு கதைச்சவை..." என்று மதிலுக்கு மேலிருந்து ஒரு குரல் இழுத்தது.

"கதைச்சது நான்தான், பிழையாக் கதைச்சிட்டன்," என்றார் கனகசபாபதி, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி. "அது மூளையிலையிருந்து வாற நோய். அந்த வருத்தத்தோட தினமும் போய்ப் படிப்பிச்சுப்போட்டு வாறவ என்ர மகள். ஒருத்தர் தன்ர உடம்பைப் பற்றிச் சொன்னா முதல்ல நம்புங்கோ. தனக்கு விளங்காத வருத்தத்தை நடிப்பெண்டு சொல்லுறது கெட்டித்தனமில்லை, திமிர்!"