ஒரு லிட்டருக்கானது

ஞாயிற்றுக்கிழமை காலை. அஸ்தினாபுரத்து மாடி வீட்டின் ஹாலில் ஹேமாவதி டியூஷனுக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கரைசல் பாடத்தை மறுபடி நடத்திக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர்களுக்குப் பரீட்சை. உள்ளறையில் ஒன்றேகால் வயது மகள் பட்டு, முந்தின நாள் தொடங்கிய வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். கணவன் குமரவேல் வீட்டிலிருந்ததால் குழந்தையை அவனிடம் விட்டிருந்தாள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட அவசரத்தில், "அந்த ஓஆர்எஸ் பாக்கெட்ட கலக்கிக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்திருந்தாள்.

ஒரு லிட்டர் கரைசலில் ஐந்து புள்ளி எட்டு ஐந்து கிராம் உப்பு இருந்தால் மோலாரிட்டி, அதாவது கரைசலின் செறிவு, புள்ளி ஒன்று என்று பலகையில் எழுதி முடித்தபோது ஜோசலின் கையைத் தூக்கினாள். எதையும் இரண்டு முறை கேட்டால்தான் நிம்மதியடையும் பெண்.

"மிஸ், அதே உப்ப ஒரு டம்ளர் தண்ணில போட்டா?"

"மோல் மாறாதும்மா. வால்யூம்தான் கொறையுது. டம்ளர் எரநூறு எம்எல்னு வெச்சிக்கோ. அப்போ கான்சன்ட்ரேஷன் அஞ்சு மடங்கு..."

அப்போதுதான் குமரவேல் ஒரு டம்ளரை ஸ்பூனால் கலக்கிக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தான்.

"ஹேமா, முழு டம்ளரையும் குடிச்சிட்டா. இன்னும் கேக்குறா பாவம், தாகம் அடங்கவே மாட்டேங்குது. ரெண்டாவது பாக்கெட் பிரிச்சிட்டேன்."

ஹேமாவதியின் கையிலிருந்த மார்க்கர் பலகையிலேயே நின்றது. ஓடிப்போய்ச் சமையல் மேடையில் கிடந்த உறையை எடுத்தாள். ஒரு லிட்டர் நீரில் கலக்கவும் என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது. அவன் முழுப் பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கொட்டியிருந்தான். சோடியம் எத்தனை மோல் என்று அவளால் நின்ற இடத்திலேயே சொல்லிவிட முடியும். ரத்தத்தில் இருப்பதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் அந்தக் கணக்கு ஒன்பது கிலோ உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. வெறும் தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா? அதுவும் தெரியவில்லை. பட்டு பாயில் கிடந்து காலை உதறிக்கொண்டு கீச்சுக் குரலில் அழுதாள். அது அவளுடைய வழக்கமான அழுகையே இல்லை.

"ஏன், இன்னாச்சு?" என்றான் குமரவேல்.

"ஆட்டோ புடிங்க. மொதல்ல ஆட்டோ புடிங்க."

ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம் போகும் வழியெல்லாம் அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். குமரவேலிடம் பேசினால் கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது. மடியில் குழந்தை அழுதபோது பயந்தாள், அழுகை நின்றபோது அதைவிட அதிகமாகப் பயந்தாள். சிக்னலில் வண்டி நின்றதும், "பட்டு, பட்டு, இங்க பாரு" என்று கன்னத்தைத் தட்டினாள். குமரவேல் உறையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான்.

"நான் படிக்கவே இல்ல ஹேமா."

நானும் சொல்லவில்லையே என்று நினைத்தாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி ரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்ததும் அவள் குரல் தாழ்ந்தது. "சோடியம் நூத்தி அறுபத்திரெண்டு. நூத்தி நாப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும். ட்ரிப்ஸ்ல மெதுவாத்தான் எறக்கணும், மேடம். அவசரப்பட்டா மூளையில வீக்கம் வந்துடும்."

"ஃபிட்ஸ் வருமா?"

"வரலாம். பக்கத்துலயே இருங்க."

அதன்பின் குழந்தையின் கண்ணிமை துடித்தாலும் ஹேமாவதி நர்ஸைக் கூப்பிட்டாள். குமரவேல் வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகு இரண்டாவது பரிசோதனையின் முடிவு வந்தது. நூற்று ஐம்பத்தெட்டு. "சரியான வேகத்துலதான் எறங்குது. ஆனா இன்னும் பாக்கணும்" என்றாள் டாக்டர். ஹேமாவதி வெளியே போய்க் குமரவேலின் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

பட்டு கண் விழித்து அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். ஊசி குத்தாத கையை நீட்டினாள். அவன் சட்டென்று பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஹேமாவதியைப் பார்த்தான். அவள் நர்ஸைப் பார்த்தாள்.

"கொஞ்சம் குடுக்கலாம். ஒரு மூடி மட்டும்."

குமரவேல் மூடியைக் கழற்றி அதில் தண்ணீரை ஊற்றினான். அது ததும்பிப் பாதி கட்டில் விரிப்பில் சிந்தியது. மிச்சத்தை அவன் குழந்தையின் உதட்டுக்கு அருகே கொண்டுபோய், அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றான்.